கடற்கரை யாருடைய முதுசம்?

கடந்த ஜனவரியில் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க மறுத்தேன். அதனால் முப்பது வருடமாகப் பழகிய நாலைந்து பேர் இப்போது என்னைக் கண்டால் தூரத்தில் நின்று கைகாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மனைவியின் மரணச்சடங்கில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். ஆகவே இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். மெல்பேணுக்குத் தெற்கே மோர்னிங்டன் குடாநாட்டில், போட் பிலிப் விரிகுடாவைப் பார்த்தபடி ஒரு கடற்கரை முகாம் இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் சண்டை இன்னும் பெரிதாகும். தெருவுக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் துண்டு, மூனா மரங்கள், ரீட்ரீ பற்றைகள், நடுவில் குளியலறைக் கட்டடம். கோடையில் மட்டும் கூடாரமும் கரவனும் போட்டுத் தங்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இலக்கம். சென்ற வருடம் தங்கியவருக்கு இந்த வருடமும் அதே இலக்கத்தை எடுக்க முதல் உரிமை உண்டு. அவர் வேண்டாம் என்றால்தான் காத்திருப்புப் பட்டியலில் நிற்பவருக்குக் கிடைக்கும். அவர் வேண்டாம் என்று சொல்வதே இல்லை.

இப்போது முகாமை நடத்துகிறவர்கள் ஒரு யோசனையை முன்வைத்திருக்கிறார்கள். நத்தாரிலிருந்து ஜனவரி கடைசிவரை, ஒரு வருடம் ஒற்றை இலக்கங்களும் மறுவருடம் இரட்டை இலக்கங்களும் சீட்டிழுப்புக்குப் போகும். பழையவர்களுக்கு ஒன்றுவிட்ட ஒரு வருடம் தங்கள் இடம் நிச்சயம். மற்ற வருடத்தில் அவர்களும் எல்லோரையும்போல சீட்டில் பெயர் போடலாம். இதை எதிர்த்துத்தான் அந்தக் கடதாசி. அதில் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, முதல் உரிமை இப்போது இருப்பதுபோலவே தொடர வேண்டும். இரண்டு, அந்த உரிமையைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மாற்றிக் கொடுக்க எழுத்தில் வழி வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையை வாசித்ததும் எனக்கு ஊர் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதற்குப் பெயர் தெரியும். முதுசம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தோடும் வேலிக் கதியாலோடும் வளர்ந்தவன் நான். ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலியை வருடத்துக்கு ஒரு விரல் அகலம் அரக்குவதையும், அந்த ஒரு விரலுக்காக அண்ணன் தம்பி இருபது வருடம் கோர்ட்டுக்கு ஏறி இறங்குவதையும் கண்டவன். இங்கே, யாருக்கும் சொந்தமில்லாத கடற்கரை மணலில், வெள்ளைக்கார நண்பர்கள் கதியால் நடுகிறார்கள் என்றால் எனக்கு அது விளங்காமல் போகுமா?

நான் 1987இல் இந்த நாட்டுக்கு வந்தேன். ஊரில் கணித ஆசிரியர். இங்கே முதல் ஆறு வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. 1992 நத்தார் விடுமுறையில்தான் முதல் முறையாகக் கூடாரம் வாங்கினோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கடற்கரைக்குப் போய்த் தங்குகிறார்களாம், நாங்கள் மட்டும் வீட்டில் வீடியோ பார்க்கிறோமாம். தொலைபேசியில் கேட்டேன், இடம் இல்லை என்றார்கள். மறுநாளும் கேட்டேன். யாரோ ஒருவருக்குத் திடீரென்று சுகமில்லாமல் போக, நாலு நாளுக்கு ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னாள் அலுவலகத்தில் இருந்த பெண். இலக்கம் 61.

முதல் நாள் இரவே படிப்பினை கிடைத்தது. பகலெல்லாம் வடக்கிலிருந்து அடுப்புப்போல் காற்று. மாலையில் அது தென்மேற்குக்குத் திரும்பியது. பத்து நிமிடத்தில் என் கூடாரம் பட்டமாகிவிட்டது. கடையில் கூடாரத்தோடு தந்த கட்டை ஆணிகள் மணலில் நிற்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, பக்கத்துக் கூடாரத்து மனிதர் சுத்தியலும் ஒரு முழ நீள மணல் ஆணிகளுமாக வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடித்து முடித்த பிறகுதான் பெயர் கேட்டார். தண்ணீர்க்குழாய் வேலை செய்பவர். அடுத்த நாள் என் மகனுக்குப் பாலத்தில் இருந்து கணவாய் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார்.

அந்த மனிதர்தான் பின்னாளில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அந்தக் கடதாசியை எழுதியவரும் அவர்தான்.

அதன்பிறகு, இடையில் இரண்டு கோடை தவிர, ஒவ்வொரு வருடமும் போனோம். முதல் உரிமை எனக்கும் வந்து சேர்ந்தது. என் மனைவி வருடக் கடைசி நாளன்று ஒடியல் கூழ் காய்ச்சுவாள். நண்டு, கணவாய், மட்டி, பயற்றங்காய், பலாக்கொட்டைக்குப் பதிலாக இங்கே கிடைப்பது எதுவோ அது. முதல் வருடம் அக்கம்பக்கத்தார் கோப்பையை மணந்து பார்த்துவிட்டுச் சிரித்துச் சமாளித்தார்கள். ஐந்தாம் வருடம் அவர்களே காலையில் வந்து, இன்றைக்குக் கூழ் உண்டுதானே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் மூனா மரத்தின் கீழே கதிரையைப் போட்டு, காலை மணலில் புதைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாள். எங்களுடைய வீட்டுத் தோட்டத்தில்கூட அவளுக்கு அப்படியொரு இடம் இருந்ததில்லை. அவள் போய் ஆறு வருடம். நான் இப்போதும் அந்த மரத்தடியில் இரண்டு கதிரை போடுகிறேன்.

ஆகவே அந்த மணல் துண்டு எனக்கு என்ன என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இழக்கப்போவதும் நான்தான். 61 ஒற்றை இலக்கம். யோசனை நிறைவேறினால் முதல் வருடமே சீட்டுக்குப் போவது ஒற்றை இலக்கங்கள்.

அப்படியிருக்க ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். எங்கள் தமிழ் நண்பர் ஒருவர், அவரும் அந்த முகாமுக்கு வருகிறவர், "என்ன மாஸ்ரர், வெள்ளைக்காரனோடை சேர்ந்து நிக்கவேண்டிய நேரத்தில தள்ளி நிக்கிறியள்? கிடைச்சதை விடலாமோ?" என்றார். கிடைத்ததை விடலாமோ என்பதல்ல கேள்வி. அது எப்படிக் கிடைத்தது, இனி யாருக்குக் கிடைக்காது என்பதுதான் கேள்வி.

அந்த ஜனவரியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பால் வாங்க அலுவலகத்துக்குப் போனேன். ஒரு இளம் குடும்பம் நின்றது. எந்த நாட்டவர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தலையில் முக்காடு போட்ட தாய், இரண்டு சிறுமிகள், தகப்பனின் கையில் விலைத்துண்டு கழற்றாத புதுக் கூடாரம். இடம் இருக்கிறதா என்று கேட்டார். காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதலாம், வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். அவர் கையை நீட்டி, அதோ அங்கே மூன்று இடம் காலியாக இருக்கிறதே என்றார். இருந்தது. 57, 58, 64. மூன்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. உரிமையாளர்கள் நத்தாருக்கு மூன்று நாள் வந்து போய்விட்டார்கள். மாதம் முழுவதும் அந்த மூன்று துண்டிலும் கயிறு மட்டும் கட்டியிருந்தது. முதல் உரிமை போய்விடக்கூடாது என்பதற்காகக் கட்டிய கயிறு.

எனக்குப் பின்னால் நின்ற நண்பர் ஒருவர், "இவர்களுக்கு வேறு எத்தனையோ இடம் இருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் புதுக் கூடாரத்தைப் பார்த்ததும் 1992இல் நான் எப்படி நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலைதான் கடதாசி என் கூடாரத்துக்கு வந்தது. மத்தியானம் பேசாததற்கு மாலையில் கையெழுத்தும் வைத்தால் நான் என்ன மனிதன்?

இனி வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "நாங்கள் வரிசையில் நின்று பெற்றோம்" என்கிறார்கள். வரிசை என்றால் என்ன? பாண் கடையில் வரிசையில் நிற்கிறவர் பாணை வாங்கிக்கொண்டு விலகுவார். பின்னால் நிற்பவர் முன்னே வருவார். வாங்கிய பின்னும் கவுண்டரை விட்டு நகராமல், வீட்டிலிருந்து பிள்ளையை வரவழைத்துத் தன் இடத்தில் நிறுத்துகிறவரை வரிசையில் நிற்பவர் என்று சொல்வதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், பழைய தொழில் விடவில்லை. உதாரணத்துக்கு நூறு இடம் என்று வையுங்கள். சாவு, நோய், வயது என்று வருடத்தில் மூன்று இடம் காலியாகிறது. பட்டியலில் தொண்ணூறாவது ஆளாகப் பெயர் எழுதிய முப்பத்தைந்து வயதுக்காரருக்கு முறை வரும்போது வயது அறுபத்தைந்து. அவருடைய பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்திருக்கும். உரிமை பிள்ளைகளுக்கு மாறலாம் என்று எழுதிவிட்டால் வருடத்துக்குக் காலியாகும் மூன்றும் இல்லை. காத்திருப்புப் பட்டியல் வெறும் மரியாதைக்கு வைத்த கொப்பியாகிவிடும். அதே நூறில் ஐம்பதைச் சீட்டுக்கு விட்டு, முந்நூறு பேர் பெயர் போட்டால், ஆறில் ஒருவருக்குக் கிடைக்கும். சராசரியாக ஆறு வருடத்துக்கு ஒரு கோடை. பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கும்போதே.

இரண்டாவது, "எங்கள் தாத்தா காலத்திலிருந்து வருகிறோம்" என்கிறார்கள். உண்மை. 1950களிலிருந்து ஒரே இலக்கத்தில் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மேசையில் வைத்துக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் பார்த்திருக்கிறேன். அழகான படங்கள். ஆனால் அந்தப் படங்கள் எடுத்த காலத்தில் என் தோல் நிறம் கொண்ட குடும்பம் இந்த நாட்டுக்குள் குடியேறவே வழி இருக்கவில்லை. 1901இல் கொண்டுவந்த குடிவரவுத் தடைச் சட்டமும் அதையொட்டிய வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையும் படிப்படியாகத் தளர்ந்து, 1973இல் விட்லம் அரசு காலத்தில்தான் முற்றாகப் போயின. ஆக, 1955இல் ஆரம்பித்த வரிசை ஒன்றை இன்றும் மாற்றக்கூடாது என்றால், 1955இல் யாரை உள்ளே விட்டார்களோ அவர்களுடைய வாரிசுகள் மட்டுமே கடற்கரையில் இருக்கலாம் என்று பொருள். சட்டப் புத்தகத்திலிருந்து கிழித்தெறிந்த பக்கத்தை முகாம் பதிவேட்டில் ஒட்டி வைப்பதுபோல. என் நண்பர்கள் இனவாதிகள் அல்ல. ஒருவரிடமும் அந்த எண்ணம் துளியும் இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். ஒருவரும் கெட்டவராக இல்லாமலே ஒரு விதி கெட்ட வேலையைச் செய்யும் என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

தாத்தா கணக்கு என்று ஆரம்பித்தால் அதுவும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். இந்தக் குடாநாட்டுக் கரையில் ஆங்காங்கே மணலுக்கு அடியில் சிப்பிக் குவியல்கள் கிடக்கின்றன. பூனூரோங் மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கி, மட்டியும் சிப்பியும் சுட்டுத் தின்ற அடையாளம். ஒவ்வொரு பருவமும் கடற்கரைக்குத் திரும்பி வரும் வழக்கத்தை இங்கே தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய முதல் உரிமையை யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. 1803 ஒக்ரோபரில் டேவிட் கொலின்ஸ் என்பவர் கைதிகளும் குடியேறிகளுமாக நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து, இன்றைய சொறென்ரோவுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தார். விக்ரோரியாவில் ஆங்கிலேயரின் முதல் குடியிருப்பு அதுதான். நல்ல தண்ணீர் போதாமல் 1804இல் ஹோபாட் பக்கம் கிளம்பிவிட்டார்கள். இந்த மணலில் கூடாரம் அடித்த எவரும் நிரந்தரமாக இருந்ததில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

மூன்றாவது, "இது கூடாரம்தானே, ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்கிறார்கள். அப்படிச் சின்னதாகத் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். அதே விரிகுடாவின் பிறைற்றன் கடற்கரைக்குப் போய் வரிசையாக நிற்கும் வண்ணப் பெட்டிகளைப் பாருங்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் உறவினர்கள் எல்லோரையும் நாங்கள் அங்கே கொண்டுபோய்ப் படம் எடுக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்கப்பட்டவர்கள் உடுப்பு மாற்றுவதற்காகப் போட்ட மரக்கொட்டில்கள் அவை. இன்றும் உள்ளே மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. நிற்கும் மண் அரச மண். கையில் இருப்பது உரிமப் பத்திரம் மட்டும். ஆனால் ஒரு பெட்டி கைமாறும் விலை இலட்சக்கணக்கான டொலர். அந்த மாநகரசபை எல்லைக்குள் வசிப்பவர்தான் வாங்கலாம். உடுப்பு மாற்றும் கொட்டிலே இவ்வளவு தூரம் போகுமென்றால், மாற்றிக் கொடுக்கலாம் என்று எழுதிய கூடார இடத்துக்கு விலை வர எத்தனை வருடம் ஆகும்? இன்றைக்கு மகனுக்கு. நாளைக்கு மருமகனின் அண்ணனுக்கு. மறுநாள் இணையத்தில் விளம்பரம்.

விக்ரோரியாவின் கடற்கரையில் ஏறத்தாழ 96 சதவீதம் பொது நிலம். உலகத்தில் பல பணக்கார நாடுகளுக்குக் கிடைக்காத பாக்கியம். கடலைப் பார்த்து வீடு வாங்க வசதியில்லாத குழாய்க்காரரும், தபால்காரரும், இரவு வேலைக்காரனும் ஒரு மாதம் கடலோரம் படுத்தெழும்ப முடிந்தது அந்த 96 சதவீதத்தால்தான். அந்தக் குழாய்க்காரருக்கு நான் சொல்வது இதுதான்: பொது நிலம் என்பதால் உங்களுக்கு வந்த பாக்கியத்தை, பொது நிலம் இல்லை என்று ஆக்கிப் பாதுகாக்க முடியாது.

நாலாவது வாதம்தான் எனக்கு வலிப்பது. "புதியவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தால் இந்தச் சமூகம் சிதறிவிடும்" என்கிறார்கள். சிதறும் என்று பயப்படும் சமூகத்தைப் பாருங்கள். எங்கள் வரிசையில் பன்னிரண்டு கூடாரத்துக்கு இந்த ஜனவரியில் எத்தனை சிறுவர்கள்? நாலு. 1992இல் பிள்ளைகளை இரவில் எண்ணித்தான் உள்ளே எடுப்போம். இன்றைக்குக் கரவனுக்குக் கரவன் தொலைக்காட்சி. மணல் ஆணி அடிக்கத் தெரியாத புதியவன் இருந்தால்தானே சுத்தியலோடு ஒருவர் எழும்பிப் போவார்? எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் ஒருவருக்கும் ஒருவரும் தேவைப்படுவதில்லை. எங்களுடைய சமூகம் இலக்கத்தால் உண்டானதல்ல. ஒரு அந்நியனின் கூடாரம் பறந்தபோது ஒருவர் எழும்பி வந்ததால் உண்டானது.

சீட்டிழுப்பு ஒன்றும் புதுமையல்ல. இதே மாநிலத்தில் வில்சன்ஸ் புறொமொன்ரறியின் டைடல் றிவர் முகாமில் நத்தார், ஜனவரி உச்சப் பருவத்துக்குச் சீட்டுப் போட்டுத்தான் இடம் கொடுக்கிறார்கள். அங்கேயும் பரம்பரையாகப் போக ஆசைப்படும் குடும்பங்கள் உண்டு. கிடைத்த வருடத்தைக் கொண்டாடுகிறார்கள், கிடைக்காத வருடம் புறுபுறுத்துவிட்டு அடுத்த வருடம் பெயர் போடுகிறார்கள். முகாம் வெறிச்சோடிவிடவில்லை.

எங்களுக்கும் இது புதிதல்ல. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கும் கரையைப் பாடு என்பார்கள். ஒரு பாட்டில் பல வலைகள் இருந்தால் முறை வைத்து இறக்குவார்கள். இன்றைக்கு உன் வலை, நாளைக்கு என் வலை. தமிழ்நாட்டில் பழவேற்காட்டு ஏரியிலும் பாடு என்ற அதே பெயரில், சீட்டும் முறையுமாக மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கடலும் கரையும் நிலத்தைப்போல வேலியடைக்க முடியாதவை என்பது மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளாமைக்காரர் நாங்கள்தான் கதியாலைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். ஆனால் பழவேற்காட்டில் அந்தச் சீட்டில் பெயர் போடக் குறிப்பிட்ட சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்கக்கூடாது. சீட்டு நியாயமானதா என்பது யாருடைய பெயர்கள் குடத்துக்குள் போகின்றன என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பழையவர், புதியவர் என்ற பேதம் இல்லாமல் ஒரே குடத்தில் எல்லாப் பெயரும் விழும் இந்த யோசனையை நான் ஆதரிக்கிறேன்.

முகாமை நடத்துகிறவர்களிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. சீட்டு மட்டும் போதாது. விக்ரோரியா அரசு 2024 டிசம்பரிலிருந்து 2025 ஜூன் வரை அரச பூங்காக்களில் முகாம் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. நல்ல நோக்கம். ஆனால் பதிவு செய்துவிட்டு வராமலே விடுகிறவர்களைப் பற்றிய முறைப்பாடுகளும் கூடவே வந்தன. மலிவாக்கினால் மட்டும் ஏழைக்கு இடம் கிடைத்துவிடாது, கயிறு கட்டுகிறவனுக்கும் கயிறு மலிவாகிவிடும். ஆகவே, இரண்டு இரவு ஆள் இல்லாத இடம் மூன்றாம் நாள் காலை வாசலில் நிற்பவருக்குப் போகவேண்டும். முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் குளியலறைக்குக் கிட்டவாகச் சில இடங்களை நிரந்தரமாக ஒதுக்கவேண்டும். சீட்டில் வெளிவந்த இடங்களில் ஒன்றைக்கூட ஏற்கெனவே கட்டில் போட்ட சொகுசுக் கூடாரக் கம்பனிக்கு விடக்கூடாது. எழுத்தில் இந்த வாக்குறுதிகள் வராவிட்டால் அவர்களுக்கு எதிராகவும் ஒரு கடதாசி எழுத எனக்குப் பேனா இருக்கிறது.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, அது அம்மாவின்ர இடம்" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய எல்லா வாதத்தையும்விட அந்த நாலு சொல் பாரமானது. இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

பிறகு நினைத்துப் பார்த்தேன். அந்த இடத்தை அவளுக்குத் தந்தது யார்? முதலில், சுகமில்லாமல் போன யாரோ ஒருவர். அவருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் அந்த மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தால் என் மனைவி ஒருநாளும் அந்த மணலில் காலைப் புதைத்திருக்க மாட்டாள். மகளுக்கு நான் கொடுக்கக்கூடியது கூழ் காய்ச்சும் பக்குவமும், தென்மேற்குக் காற்று திரும்பும்போது வானத்தின் நிறம் எப்படியிருக்கும் என்ற அறிவும்தான். அவை என்னுடையவை, கொடுக்கலாம். 61 என்னுடையதல்ல.

போன கிழமை முகாமுக்குக் கடிதம் அனுப்பினேன். யோசனையை ஆதரிக்கிறேன் என்றும், என் முதல் உரிமை என்னோடு முடியட்டும் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதியைக் குழாய்க்கார நண்பருக்கும் தபாலில் போட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக்கூடாது. பதில் இன்னும் வரவில்லை.

வரும் கோடையில் சீட்டுப் போட்டால் என் பெயரும் இருக்கும். விழுந்தால் கூடாரத்தோடு போவேன். விழாவிட்டால் வருடக் கடைசி நாளன்று காரில் பானையை வைத்துக்கொண்டு போய், 61இல் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் மரத்தடியில் இரண்டு கதிரை போட அனுமதி கேட்பேன். நீளமான மணல் ஆணிகள் ஒரு டசின் வைத்திருக்கிறேன். அதையும் கொண்டுபோவேன், புதியவர்களுக்குத் தேவைப்படும்.